டார்கெட் எஸ்டிகே 34க்கு மாற்றியதும் லொகேஷன் சர்வீஸ் கிராஷ்: உதவி தேவை

கரிசல்காடு:
பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர் மேப்பில் பார்க்கும் ஆப் ஒன்றைப் பராமரிக்கிறேன். ஓட்டுநர் போனில் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (நோட்டிஃபிகேஷன் காட்டியபடி, ஆப் திரையில் இல்லாதபோதும் வேலை செய்யும் பகுதி) ஓடும். பத்து வினாடிக்கு ஒருமுறை இடத்தை சர்வருக்கு அனுப்பும். டார்கெட் எஸ்டிகே, அதாவது எந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் விதிகளுக்கு ஆப் கட்டுப்படும் என்று சொல்லும் எண், 33 வரை சிக்கல் இல்லை. 34 ஆக்கியதும் ஆண்ட்ராய்டு 14 போன்களில் சர்வீஸ் தொடங்கும்போதே செக்யூரிட்டி எக்ஸப்ஷன் (அனுமதி இல்லை என்ற பிழை) வந்து ஆப் விழுகிறது. மேனிஃபெஸ்ட்டில் (ஆப்பின் விவரங்களை அறிவிக்கும் கோப்பு) சர்வீஸ் டைப் 'லொகேஷன்' என்று முன்பே இருக்கிறது, நோட்டிஃபிகேஷனும் காட்டுகிறேன். வேறென்ன வேண்டும்?

பில்ட்ராஜா:
சர்வீஸையே தூக்கிவிட்டு வொர்க்மேனேஜருக்கு (பின்னணி வேலைகளைத் திட்டமிட்டு ஓட்டும் நூலகம்) போய்விடுங்கள் ப்ரோ. இப்போது எல்லாரும் அதுதான்.

லாக்கேட்வாசி:
இந்த வேலைக்கு அது ஆகாது. வொர்க்மேனேஜரில் திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். அதற்குள் வேன் பள்ளிக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

கரிசல்காடு, 34இலிருந்து டைப் மட்டும் போதாது. ஒவ்வொரு டைப்புக்கும் தனி பெர்மிஷன் உண்டு. உங்களுக்கு 'ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் லொகேஷன்' பெர்மிஷனை மேனிஃபெஸ்ட்டில் சேர்க்க வேண்டும். பயனரிடம் கேட்கத் தேவையில்லாத வகை அது. ப்ளே கன்சோலிலும் (ஆப்பை ப்ளே ஸ்டோரில் ஏற்றும் தளம்) இந்த டைப் எதற்கென்று தெரிவிக்கச் சொல்வார்கள், அதையும் மறக்காதீர்கள்.

கரிசல்காடு:
சேர்த்ததும் ஆப் திறந்திருக்கும்போது சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் போனை ரீஸ்டார்ட் செய்தால் அதே எக்ஸப்ஷன். போன் பூட் முடிந்ததும், அந்தத் தகவலைப் பெறும் ரிசீவரிலிருந்து சர்வீஸைத் தொடங்குகிறேன். ஆப் பின்னணியில் இருக்கும்போது சர்வீஸைத் தொடங்க ஆண்ட்ராய்டு 12இல் வந்த தடையில் பூட்டுக்கு விலக்கு உண்டு என்று படித்தேனே?

லாக்கேட்வாசி:
விலக்கு இருக்கிறது, ஆனால் அது சர்வீஸைத் தொடங்குவதற்கு மட்டும். லொகேஷனைத் தொடுவது வேறு கணக்கு. ஓட்டுநர் 'ஆப் பயன்பாட்டில் இருக்கும்போது மட்டும்' என்று அனுமதி கொடுத்திருப்பார். பூட் நேரத்தில் ஆப் திரையில் இல்லை, அதனால் அந்த அனுமதி அப்போது செல்லாது. ஒன்று கேட்கிறேன்: முன்பும் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு ஆப்பைத் திறக்கும்வரை வேன் மேப்பில் நகராமல் நின்றதுண்டா?

கரிசல்காடு:
ஆமாம்! நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்து விட்டுவிட்டோம்.

லாக்கேட்வாசி:
நெட்வொர்க் பாவம். ஆண்ட்ராய்டு 11இலிருந்தே இப்படித் தொடங்கும் சர்வீஸுக்கு லொகேஷன் வராது. சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்ததை 14 கிராஷாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

'எப்போதும்' என்ற பின்னணி லொகேஷன் அனுமதி வாங்கினால் இதைத் தாண்டலாம். ஆனால் ப்ளே ஸ்டோர் தனியாக விளக்கமும் வீடியோவும் கேட்கும், உங்கள் ஆப்புக்கு அது தேவையும் இல்லை. பூட் ரிசீவரை எடுத்துவிட்டு, 'பயணம் தொடங்கு' என்று ஒரு பட்டன் வையுங்கள். ஓட்டுநர் அழுத்தும்போது ஆப் திரையில்தான் இருக்கும். அங்கிருந்து தொடங்கும் சர்வீஸ், திரை அணைந்த பிறகும் லொகேஷனைப் பெறும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் எங்கே போகிறார் என்று யாரும் பார்க்க வேண்டியதும் இல்லையே.

கரிசல்காடு:
புரிகிறது அண்ணா. சிக்னல் இல்லாதபோது சேரும் புள்ளிகளை அனுப்ப 'டேட்டா சிங்க்' டைப்பில் இன்னொரு சர்வீஸ் வைத்திருக்கிறேன். அது இருக்கட்டுமா?

லாக்கேட்வாசி:
பில்ட்ராஜா சொன்ன வொர்க்மேனேஜர் பொருந்தும் இடம் இதுதான். டார்கெட் 35 ஆனதும், ஆண்ட்ராய்டு 15இல் டேட்டா சிங்க் சர்வீஸ் பின்னணியில் 24 மணி நேரத்துக்குள் மொத்தம் 6 மணி நேரம்தான் ஓடலாம். புள்ளிகளைப் போனுக்குள்ளேயே ரூம் டேட்டாபேஸில் போட்டு, நெட் கிடைத்தால் மட்டும் ஓடு என்ற நிபந்தனையோடு வொர்க்மேனேஜரின் வொர்க்கரிடம் விட்டுவிடுங்கள்.

கரிசல்காடு:
பட்டன் வைத்தாயிற்று, பூட் ரிசீவரை எடுத்தாயிற்று. எல்லா வேனும் ஓடுகிறது, ஒன்றைத் தவிர. அந்த போனில் பாதி வழியில் சர்வீஸ் நிற்கிறது. கிராஷ் பதிவே இல்லை.

பில்ட்ராஜா:
பேட்டரி சேவர்தான் கொன்றிருக்கும்.

லாக்கேட்வாசி:
இருக்கலாம், ஆனால் ஊகிக்க வேண்டாம். ஆப் திறக்கும்போது ஆண்ட்ராய்டின் ஆக்டிவிட்டி மேனேஜரிடம் பழைய எக்ஸிட் காரணங்களை, அதாவது ஆப் முன்பு ஏன் நின்றது என்பதை, கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் இந்த வசதி இருக்கிறது.

கரிசல்காடு:
'யூசர் ரிக்வெஸ்டட்' என்று வருகிறது.

லாக்கேட்வாசி:
அப்படியென்றால் ஓட்டுநரே நிறுத்துகிறார். ஆண்ட்ராய்டு 13 முதல், நோட்டிஃபிகேஷன் திரையை இழுத்தால் ஓடும் ஆப்களின் பட்டியல் இருக்கும், பக்கத்திலேயே 'ஸ்டாப்' பட்டன். அதை அழுத்தினால் ஆப் முழுவதும் போய்விடும், உங்கள் கோடுக்கு எந்தத் தகவலும் வராது. செட்டிங்ஸில் ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்தாலும் இதே காரணம்தான் பதிவாகும்.

கரிசல்காடு:
கேட்டேன். 'சார்ஜ் இறங்குது, அதான் நிறுத்துனேன்' என்கிறார். வேனில் சார்ஜர் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.