சிவகாசி லைனில் மீட்டர் கேஜ் ஓடிய காலம்: உங்கள் அனுபவம் என்ன?

போன வாரம் விருதுநகர் ஜங்ஷனில் செங்கோட்டை வண்டிக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன். "இதே ஸ்டேஷனில் ஒரு காலத்தில் இரண்டு அகலத்தில் தண்டவாளம் இருந்தது தம்பி" என்றேன். அவன் காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு, "ஏன் சார், அளவு தப்பாகப் போட்டுவிட்டார்களா?" என்று கேட்டான்.

சிரித்துவிட்டேன். ஆனால் அப்பாவைக் கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

மதுரை–தூத்துக்குடிப் பாதை 1876-லும், விருதுநகரிலிருந்து பிரிந்து சிவகாசி வழியாகப் போகிற தென்காசிக் கிளை 1927-லும் வந்தன. இரண்டுமே மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923-ல் தொடங்கியது. ஆக, ஊரில் தொழில் முளைத்து நான்காம் ஆண்டு ரயில் வந்திருக்கிறது. தொண்ணூறுகளில் தூத்துக்குடிப் பாதையை அகலமாக்கினார்கள். எங்கள் கிளைக்கு அந்த யோகம் 2004-ஐ ஒட்டித்தான் வாய்த்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பாதை 1,676 மில்லிமீட்டர், இன்னொன்று 1,000. வித்தியாசம் ஒன்றரை முழம்தான். அந்த ஒன்றரை முழத்தை அப்பா தோளில் சுமந்தார்.

அவர் காலண்டர் ஏஜென்ட். ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளிவரும். மறுநாளே கிளம்பிவிடுவார். கோவில்பட்டி, தூத்துக்குடி, ஆறுமுகநேரி என்று கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிப்பார். கார்த்திகை பிறந்ததும் சரக்கு கொடுக்கப் போவார். அப்போது நானும் கூடப் போவேன். சிவகாசியில் கட்டுகளை ஏற்றி, விருதுநகரில் இறக்கி, மேம்பாலம் ஏறி அந்தப் பக்கம் கொண்டுபோய், பெரிய வண்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். காலண்டர்த் தலையில் ஒரு தகரப் பட்டி இருக்குமே, கட்டுகளைச் சணல் கயிற்றால் இறுக்கினால் அதன் ஓரம் வெளியே துருத்தும். மேம்பாலப் படியில் தோள் மாற்றும்போது ஒரு தடவை என் கட்டைவிரல் கிழிந்தது. முருகன் படத்தில் ரத்தம். அந்த ஒன்றை மட்டும் அப்பா விற்கவில்லை. வீட்டுச் சுவரில் ஓராண்டு தொங்கியது.

உங்களிடமும் இந்த லைனைப் பற்றி ஏதாவது இருக்கும். எழுதுங்கள்.

*

அண்ணாச்சி, என் அப்பா இதே பாதையில் கீமேன். 'சாவிக்காரர்' என்று அம்மா சொல்லுவார். ரயில் பாதைக்குப் பூட்டு இருக்கிறது, அதன் சாவி அப்பாவிடம் இருக்கிறது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்பில் டீச்சரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

உண்மையில் அந்தச் 'சாவி', தண்டவாளத்தை அதன் அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பரோடு இறுக்கிப் பிடிக்கிற இரும்பு ஆப்பு. வண்டி போகப் போக அதிர்வில் தளரும். விடியற்காலையில் சுத்தியல், ஸ்பானர், சிவப்பு–பச்சைக் கொடியோடு கிளம்பி, தன் பகுதி முழுக்க நடந்து, தளர்ந்த சாவியை அடித்து இறுக்குவார். இறுகிய சாவிக்கு ஒரு சத்தம், தளர்ந்ததற்கு இன்னொரு சத்தம். தளர்ந்தது 'தொப்' என்று கேட்கும் என்பார். எங்கள் வீட்டில் கதவு, ஜன்னல், தண்ணீர்ப் பானை என்று எதையும் தட்டிப் பார்க்காமல் நகர மாட்டார்.

பிறகு கான்கிரீட் ஸ்லீப்பர் வந்தது. சாவிக்குப் பதில் வளைந்த இரும்புக் கிளிப். முன்பு பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டருக்கு ஒரு மூட்டு இருக்கும். வெயிலில் இரும்பு நீள்வதற்காக அங்கே கொஞ்சம் இடைவெளி விட்டு, இரு துண்டையும் இணைக்கிற ஃபிஷ் பிளேட் என்ற இரும்புப் பட்டையை வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். 'தடக் தடக்' சத்தம் அங்கிருந்து வந்ததுதான். இப்போது தண்டவாளங்களை நெடுநீளத்துக்குப் பற்றவைத்துவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை அப்பாவைப் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு அழைத்துப்போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி வரை பேசவே இல்லை. உடம்புக்கு என்னவோ என்று பயந்து கேட்டேன். "மூட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

*

எல்லோரும் உருகுகிறீர்கள். மன்னிக்கவும், எனக்கு அந்தப் பழைய விருதுநகரை நினைத்தாலே கால் வலிக்கிறது. பெங்களூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்து, நடுச்சாமத்தில் இறங்கி, சின்ன வண்டிக்காக விடியும் வரை பிளாட்பாரத்தில் கிடந்திருக்கிறேன். ஒரு கையில் குழந்தை, மறு கையில் கொசுவிரட்ட விசிறி. மீட்டர் கேஜ் பெட்டியில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டியும் முட்டியும் இடிக்கும். இன்றைக்கு எங்கள் தெருப் பெண்கள் சிவகாசியில் ஏறிப் படுத்தால் காலையில் சென்னையில் எழுந்திருக்கிறார்கள். அந்த ஒன்றரை முழத்துக்கு நான் கும்பிடு போடுவேன்.

*

அக்கா சொல்வது சரி. என் கதை வேறு மாதிரி. சிவகாசியின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது பட்டாசு. அந்தப் பட்டாசுக்கு மட்டும் ரயிலில் இடமில்லை. லாரிதான். எனக்கு இது தெரிந்தும், சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் தீபாவளிக்கு, மேலாளரைக் குளிரவைக்க ஒரு கிஃப்ட் பாக்ஸை வேட்டி துண்டுக்கு நடுவே சுருட்டி எடுத்துப்போனேன். வழியில் ஒரு பெரிய ஸ்டேஷனில் காவலர் ஏறினார். என் பையைத் தொடவே இல்லை. முகத்தைப் பார்த்தார். "எந்த ஊர்?" "சிவகாசி சார்." "இறங்கு."

ரயில்வே சட்டம் 164-ஆவது பிரிவு, மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். கை நடுங்கியது. வண்டி எடுப்பதற்குள் பெட்டியைப் பறிமுதல் செய்து, எழுதி வாங்கிக்கொண்டு ஏறவிட்டார். இன்றும் ரயிலில் யாராவது ஊர் கேட்டால் "விருதுநகர் பக்கம்" என்றுதான் சொல்கிறேன்.

*

திருத்தங்கலில் சின்ன வயதில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒற்றைப் பாதை என்பதால் அடுத்த ஸ்டேஷன் வரை போக டிரைவர் கையில் அனுமதி அடையாளமாக ஒரு டோக்கன் இருந்தாக வேண்டும். நிற்காத வண்டிக்கு அதை ஒரு பெரிய வளையத்தில் கோத்து, ஸ்டேஷன் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பார ஓரத்தில் நீட்டிப் பிடிப்பார். எஞ்சின் படியில் நிற்பவர் கையை வளையத்துக்குள் விட்டுப் பறித்துக்கொண்டு, பழைய வளையத்தை எறிந்துவிட்டுப் போவார். அந்த வளையம் பிளாட்பாரத்தில் உருண்டு உருண்டு போகும். எடுத்துவந்து கொடுப்பதற்கு எங்களுக்குள் சண்டை. ஒருநாள் எஞ்சினில் நின்றவரின் முழங்கையைக் கவனித்தேன். மணிக்கட்டிலிருந்து தோள் வரை கன்றிப்போய், கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. அதற்குப் பிறகு எஞ்சின் டிரைவர் ஆக வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

*

சிவகாசி சாட்சியாபுரம் ரயில்வே கேட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! மேம்பாலம் வேண்டும் என்று ஊரே ஆண்டுக்கணக்கில் கேட்ட கேட். நான் பெண் பார்க்கப் போனதே அந்தக் கேட்டில் மாட்டி, ராகு காலத்தில் போய்ச் சேர்ந்தேன். கல்யாணம் நடந்தது. இருபது ஆண்டாக எதற்குச் சண்டை வந்தாலும் அந்தக் கேட்டில் போய்த்தான் முடிகிறது.

*

முதலில் எழுதியவன்தான். பெங்களூர் அக்கா, ஒப்புக்கொள்கிறேன். அப்பாவும் உங்கள் கட்சிதான். அகலப்பாதையில் ஓடிய முதல் வாரமே விருதுநகர் வரை ஒரு டிக்கெட் எடுத்துப் போய், இறங்காமல் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தார். கையில் கட்டு எதுவும் இல்லை.

அந்தப் பையனைப் பற்றி மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். "ஒரு அடையாளம்கூட இல்லையா சார்?" என்றான். பிளாட்பாரக் கடைசிக்கு அழைத்துப்போய் வேலிக் கம்பங்களைக் காட்டினேன். பழைய தண்டவாளத்தைத் துண்டு போட்டு நட்டவை. இன்றைய தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி ஒல்லி. இடுப்புப் பக்கம் உருக்காலையின் எழுத்துகள் புடைத்திருந்தன. பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து மேடாகிவிட்டதால் ஆண்டு தெரியவில்லை. பையன் நகத்தால் சுரண்டினான். முதல் எண் ஒன்று. அடுத்தது ஒன்பதா, எட்டா என்று நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிட்டது.