எழுபதுகளின் ராக் ஆல்பங்கள்: இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்டபோது

எழுபதுகளின் ராக் ஆல்பங்களில் புகழ்பெற்ற பாடல்களை மட்டும் பொறுக்கிக் கேட்காமல், இசைத்தட்டில் இருந்த அதே வரிசையில் முதலிலிருந்து கடைசி வரை கேட்டு வருகிறேன். முதல் பக்கம் முடிந்ததும் நிறுத்திவிட்டுச் சற்று எழுந்து நடப்பேன். தட்டைத் திருப்பிப் போடும் அந்த இடைவெளியை மனத்தில் வைத்துத்தான் அன்றைக்குப் பாடல்களை அடுக்கினார்கள். இப்படிக் கேட்கும்போது என்னைப் பிடித்து நிறுத்துபவை பாடல் வரிகள் அல்ல. வாசித்த கை, பாடிய தொண்டை, அவர்கள் நின்றிருந்த அறை ஆகியவைதான்.

பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் 1970-இல் வந்தது. மழை, தொலைவில் ஒரு மணி, இடி. பிறகு டோனி ஐயோமியின் கிட்டாரில் மூன்றே சுரங்கள். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு அவை உடனே பிடிபடும்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். 37 முதல் 72 வரையுள்ள எல்லா மேளகர்த்தா (தாய்) ராகங்களிலும் இருக்கும் சுரம் அது. கல்யாணியில் அதைக் கேட்டு எத்தனை முறை உருகியிருக்கிறோம்! ஐரோப்பியர்களோ ஷட்ஜத்துக்கும் அதற்கும் இடையிலான தூரத்தை 'இசையில் உள்ள சாத்தான்' என்று அழைத்தார்கள். காந்தாரமோ பஞ்சமமோ துணைக்கு வராமல், அந்த ஒற்றைச் சுரத்தை அவ்வளவு நிதானமாக நீட்டி நிறுத்தியபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. நமக்கு இவ்வளவு நெருக்கமான சுரம் இப்படியும் ஒலிக்குமா என்ற திகைப்பு இன்னும் போகவில்லை.

ஐயோமி பர்மிங்காமில் தகட்டு ஆலை ஒன்றில் வேலை செய்தவர். 17 வயதில் நடந்த விபத்தில் வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போய்விட்டன. இடக்கை வாசிப்பு என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே இறக்கினார். ராக்கிலேயே கனத்த வகையான ஹெவி மெட்டலின் கனம் என்று உலகம் கொண்டாடுவதில் ஒரு பங்கு, காயம்பட்ட இரண்டு விரல்கள் தேடிக் கண்டுபிடித்த வழி. இதை அறிந்த பிறகு அந்த ஆல்பத்தை என்னால் வெறும் சத்தமாகக் கேட்க முடியவில்லை.

லெட் செப்பலின் குழுவின் நான்காவது ஆல்பத்தில் (1971) எல்லோரும் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பற்றிப் பேசுவார்கள். அது முதல் பக்கத்தின் கடைசிப் பாடல். என்னை ஆட்டிவைத்தது இரண்டாம் பக்கத்தின் கடைசியில் வரும் 'வென் தி லெவி பிரேக்ஸ்'. 1927-இல் மிசிசிப்பி ஆறு கரையுடைத்துப் பெருகியதைப் பற்றி 1929-இல் கன்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் பதிவு செய்த, அமெரிக்கக் கறுப்பினத்தாரின் ப்ளூஸ் இசைப் பாடல்தான் மூலம். ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய ஏழையர் விடுதிக் கட்டடத்தில், படிக்கட்டுக் கூடத்தின் தரையில் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அடிக்கும் ஒலியோடு அந்தக் கூடத்தின் உயரமும் சேர்ந்து கேட்கிறது. நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சுவர்கள் பதில் சொல்கின்றன. வெள்ளத்தைப் பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தாளத்தை நான் கேட்டதில்லை.

இதே ஆல்பத்தின் 'ஃபோர் ஸ்டிக்ஸ்' பாடலை, குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளாண்ட்டும் 1972-இல் பம்பாயில் இந்தியக் கலைஞர்களோடு மீண்டும் பதிவு செய்தார்கள். அது முறையாக வெளியானது 2015-இல்தான். எனக்கு அதுவே மேல். தபலா வந்து சேர்ந்ததும், ஆல்பத்தில் முரண்டு பிடிக்கும் ஐந்தின் தாளக் கணக்கு இயல்பாக உட்கார்ந்துவிடுகிறது.

எல்லாமே பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். யெஸ் குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' (1973) இரட்டை இசைத்தட்டு. பக்கத்துக்கு ஒன்றாக நான்கே பாடல்கள். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் இருந்த ஓர் அடிக்குறிப்பிலிருந்து பிறந்தது. ஆசை பெரியது, அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நடுவிலுள்ள இரண்டு பக்கங்களில் கருப்பொருள் கரைந்து நீளம் மட்டும் மிஞ்சுகிறது. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன் அதிருப்தியோடு குழுவை விட்டு விலகியது எனக்கு வியப்பளிக்கவில்லை.

ஃபிளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' (1977) காதுக்கு இதமானது, ஆனால் அதைக் கேட்டு முடிக்க எனக்கு மனத்திடம் வேண்டியிருந்தது. லிண்ட்சி பக்கிங்காம் தன்னைப் பிரிந்த ஸ்டீவி நிக்ஸைப் பற்றி 'கோ யுவர் ஓன் வே' பாடுகிறார்; பின்குரலில் அதே ஸ்டீவி. கிறிஸ்டின் மெக்வீ தன் புதிய காதலைப் பாடுகிறார். பேஸ் கிட்டார் வாசிப்பவர் அவரை விட்டுப் பிரிந்த கணவர் ஜான். குழுவின் ஐந்து பேரும் சேர்ந்து எழுதியதாகப் பெயர் போட்டிருக்கும் ஒரே பாடல் 'தி செயின்'. அதில் மற்றதெல்லாம் அடங்கிய பிறகு ஜானின் பேஸ் தனியாக எழுந்து வரும் இடத்தில், ஒரு வார்த்தைகூடப் பாடாத அந்த மனிதருக்காகத்தான் எனக்கு நெஞ்சு கனத்தது.

கடைசியாக பிங்க் ஃபிளாய்டு குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973. இதில் ஒரே ஒரு பாடலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'க்கு ரிச்சர்ட் ரைட்டின் பியானோ இருந்தது, வரிகள் இல்லை. ஆபி ரோடு ஸ்டூடியோவுக்குக் கிளேர் டோரி என்ற இளம் பாடகியை அழைத்து, சொற்கள் வேண்டாம், பாடுங்கள் என்றார்கள். தன் குரலை ஒரு வாத்தியமாகவே நினைத்துக்கொண்டு பாடினார். ஆலாபனைக்குப் பழகிய நமக்கு அகாரமாகப் பாடுவது புதிதல்ல. ஆனால் நம் பாடகர் சுருதியையும் ராகத்தின் எல்லையையும் விடாமல் விரிவார். டோரி எதையும் பிடித்துக்கொள்ளாமல் கதறலாகத் தொடங்கி, அலைக்கழிந்து, மெல்ல ஒப்புக்கொள்ளும் இடத்துக்கு வந்து சேர்கிறார். பாடல் சாவைப் பற்றியது என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

அதற்கு அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. பல ஆண்டுகள் கழித்து அவர் வழக்குத் தொடுத்து, 2005-இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகே ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் இசையமைப்பில் சேர்ந்தது. நியாயம் அதுதான், அந்த மெட்டு முழுவதும் அவர் தொண்டையில் பிறந்தது.

அந்தப் பாடலோடு முதல் பக்கம் முடிகிறது. அடுத்த பக்கம் சில்லறையும் கல்லாப்பெட்டியும் குலுங்கும் ஒலியில், ஏழு அட்சரக் கணக்கில் 'மணி' (Money, பணம்) என்ற பாடலோடு தொடங்குகிறது. இன்றைய செயலிகளில் ஒன்று முடிந்த கையோடு மற்றது வந்து விழுகிறது. இந்த ஆல்பத்துக்கு அது செய்யும் அநீதி பெரிது. தயவுசெய்து அங்கே கையால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அடுத்து டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' கேட்க இருக்கிறேன். இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தை மிஞ்சியதாக உங்களுக்குத் தோன்றிய ஆல்பங்கள் இருந்தால் எழுதுங்கள், அவற்றையும் வரிசையில் சேர்த்துக்கொள்கிறேன்.