பழைய ஐஸ் பெட்டி (ஃப்ரிட்ஜ்): ஓடுற வரைக்கும் ஓட்டலாமா, மாத்திடணுமா?

லயத்துப்பிள்ளை

மலேசியாவுல நம்ம பெர்ஜுந்தை பக்கம் எந்த ஒட்டுக்கடையில உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். பத்து வருஷம் தாண்டின ஐஸ் பெட்டி கரண்டைக் குடிக்குமாம், தூக்கிப் போட்டுட்டு கரண்டு கம்மியா இழுக்குற அஞ்சு நட்சத்திர இன்வெர்ட்டர் பெட்டி வாங்கணுமாம். நான் இதை ஒத்துக்க மாட்டேன்.

அம்மா இன்னும் தோட்டத்து வீட்டுலதான் இருக்காங்க. அவங்களோட ஒத்தைக்கதவுப் பெட்டி நான் இடைநிலைப்பள்ளியில படிவம் ஒன்று படிக்கும்போது வாங்கினது. கதவு ரப்பரும் தெர்மோஸ்டாட்டும் ஒரு தடவை மாத்தினதோட சரி, இன்னைக்கும் ஐஸ் கட்டுது. தங்கச்சி தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வாங்கின புது இன்வெர்ட்டர் பெட்டிக்கு போன மழைக்காலத்துல ஒரே இடியில உள்ள இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு போச்சு. மின்னலுக்கு வாரண்டி கிடையாதுன்னு கையை விரிச்சிட்டாங்க. போர்டு விலைக்கு நல்ல பழைய பெட்டியே ஒண்ணு வாங்கிடலாம். ஓடுறதைத் தூக்கிப் போடச் சொல்றவங்க, நம்ம ஊர் இடி மின்னலைக் கணக்குல சேர்த்துப் பேசுங்க.

தாமான்வாசி

அண்ணே, ஓடுகிறது என்பது வேறு, எப்படி ஓடுகிறது என்பது வேறு. கதவு ரப்பர் தளர்ந்து, பின்பக்கச் சுருளில் தூசி அப்பிய பழைய இரட்டைக்கதவுப் பெட்டி நிற்காமல் ஓடும். 150 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 3.6 யூனிட், மாதத்துக்கு 108. அதே அளவு ஐந்து நட்சத்திரப் பெட்டிக்கு மாதம் 28 யூனிட் போதும். கதவில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஆண்டுக் கணக்கு போட்டிருப்பார்கள், பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்.

2025 ஜூலையில் மின்சார நிறுவனமான தெனாகாவின் கட்டண முறை மாறியதைப் பலர் இன்னும் கவனிக்கவில்லை. இப்போது அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 44.43 சென். அதிலிருந்து சிக்கனச் சலுகை என்று ஒரு தொகையைக் கழிக்கிறார்கள். பயன்பாடு குறையக் குறைய கழிவு கூடும், அதுவும் மொத்த யூனிட்டுக்கும் சேர்த்துத்தான் கழிவு. 380 யூனிட் ஓடும் வீட்டுக்கு 17 சென் கழித்தால் பில் 104 வெள்ளி (ரிங்கிட்). அந்த வீடு பெட்டியை மாற்றி 80 யூனிட் குறைத்து 300-க்கு வந்தால் கழிவு 22.5 சென், பில் 66 வெள்ளிக்குள் அடங்கிவிடும். மாதம் 38 வெள்ளி மிச்சம். 300-ஐத் தாண்டாததால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குப் போகும் 1.6 விழுக்காடும் கிடையாது. புதுப் பெட்டியின் தவணையில் பாதியை இதுவே கட்டிவிடும்.

லயத்துப்பிள்ளை

தம்பி, நீங்க கணக்குப் போட்டது இரட்டைக்கதவுக்கு. ஒத்தைக்கதவுப் பெட்டியில பனி உருக்குற ஹீட்டரும் கிடையாது, உள்ள காத்தாடியும் கிடையாது. 100 வாட் இழுத்து பாதி நேரம் ஓடினாலும் மாசம் 36 யூனிட்தான். அம்மா வீட்டுல மொத்தமே 200 யூனிட்டைத் தாண்டாது. அந்தக் கட்டத்துல கழிவு 25 சென், ஆக யூனிட்டுக்கு 19.43 சென். அப்போ அந்தப் பெட்டிக்கு மாசம் 7 வெள்ளி. புதுசு வாங்கி அதுல பாதியை மிச்சம் பிடிச்சாலும் மூணரை வெள்ளி. 800 வெள்ளி போட்டு வாங்கினா, போட்ட காசு திரும்ப 19 வருஷம் ஆகும். அம்மாவுக்கு இப்பவே எழுபதுக்கு மேல.

உங்க 38 வெள்ளி நிஜம்தான், ஆனா அது ஏர்கோன் ஓடுற வீட்டுக்கு. பால்மரம் வெட்டி ரிட்டயர் ஆன ஆளுங்க வீட்டுக்கு அதைத் தூக்கிட்டு வராதீங்க.

மாவு அக்கா

நான் மூணாவது பக்கத்துலேர்ந்து பேசுறேன். பெட்டி எத்தனை யூனிட் தின்னுதுங்கிறது எனக்கு ரெண்டாம் பட்சம். வீட்டுலயே தோசை மாவும், பொரிக்காத கறிபஃப்பும் செஞ்சு விக்கிறேன். பாசிர் பெனம்பாங் போய் மீன் எடுத்தா ஒரு வாரத்துக்கு வரும். எல்லாம் மேல்மூடி ஃப்ரீஸர்லதான் இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு இடி இடிச்சு இ.எல்.சி.பி. (கரண்டு கசிஞ்சா வெட்டுற சுவிட்ச்) விழுந்தா காலையில எழுந்துதான் பார்ப்பேன். அப்போ நட்சத்திரம் எத்தனை இருந்து என்ன?

தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போய்ட்டு வந்தப்போ எல்லாம் கல்லு மாதிரி உறைஞ்சுதான் இருந்துச்சு. ஆனா நடுவுல உருகி மறுபடியும் உறைஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? இப்பெல்லாம் ஒரு கப்ல தண்ணி உறைய வச்சு மேல ஒரு காசை வச்சிட்டுப் போறேன். திரும்பி வரும்போது காசு அடியில கிடந்தா உள்ள இருக்கிற கறி மீனு எல்லாத்தையும் கொட்டிட வேண்டியதுதான். விக்கிற சாப்பாட்டுல நான் பாவம் பார்க்க மாட்டேன்.

ஒரு கேள்வி. பக்கத்து வீட்டு அங்கிள், ஃப்ரீஸரை மட்டும் இ.எல்.சி.பி.க்கு வெளியில நேரா இழுத்துக் குடுத்துடலாம், அப்புறம் எப்பவும் விழாதுன்னு சொல்றாரு. செய்யலாமா?

வயர்மேன்_பெர்ஜுந்தை

அக்கா, செய்யவே கூடாது. அந்த அங்கிள் எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும் அவரை டிபி பெட்டிப் (வீட்டு மின் விநியோகப் பெட்டி) பக்கம் விடாதீர்கள். நான் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேன். இந்த வேலையைச் செய்து வைத்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃப்ரீஸர் இரும்புக் கூடு, அடியில் ஈரத் தரை, கை நனைந்திருக்கும். உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து கூட்டில் பட்டால் கரண்டை வெட்ட இ.எல்.சி.பி.தான் இருக்கிறது. பல பழைய வீடுகளில் எர்த் கம்பி அறுந்தே கிடக்கிறது. அங்கே கசிகிற கரண்டு பூமிக்குப் போக வழி இல்லாமல் கூட்டிலேயே நிற்கும். யாராவது மூடியைத் திறக்கக் கை வைத்தால் அவர் உடம்புதான் வழி.

இ.எல்.சி.பி. ஏன் விழுகிறது என்று முதலில் பாருங்கள். பாதி வீடுகளில் இடி மீது பழி போடுகிறார்கள், காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பனி கட்டாத இரட்டைக்கதவுப் பெட்டியில் பனி உருக்கும் ஹீட்டர் ஒன்று உண்டு. அது பழசாகி விரிசல் விட்டால் ஈரம் ஏறி, ஹீட்டர் சூடாகும் நேரம் மட்டும் கரண்டு கசியும். அதனால்தான் சில வீடுகளில் எல்லாரும் தூங்கும்போது காரணமே இல்லாமல் விழுகிற மாதிரி தெரியும். ஏற்கெனவே கொஞ்சம் கசிந்துகொண்டிருக்கிற வீட்டில் தூரத்து இடியே போதும். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வாட்டர் ஹீட்டரையும் விடாதீர்கள்.

உங்களுக்கு நான் செய்து தருவது இதுதான். ஃப்ரீஸருக்கென்று தனி வயர், தனி எம்.சி.பி. (அதிகக் கரண்டு ஓடினால் வெட்டும் சுவிட்ச்), தனி இ.எல்.சி.பி. வீட்டு இ.எல்.சி.பி. விழுந்தாலும் ஃப்ரீஸர் ஓடும், ஃப்ரீஸரில் கசிவு வந்தால் அதன் இ.எல்.சி.பி. மட்டும் விழும். பாதுகாப்பும் போகாது, மீனும் போகாது.

தாமான்வாசி

வயர்மேன் அண்ணன் சொன்ன ஹீட்டர் கதையே என் வாதத்துக்குச் சாட்சி. பழைய பெட்டி தான் கெடுவது மட்டுமல்ல, வீட்டு மின்சாரத்தையும் கெடுக்கிறது. பழசு ஓடட்டும் என்பவர்கள் ரிப்பேர் செலவைச் சொல்வதே இல்லை. வருடா வருடம் ஒருவரைக் கூப்பிட்டு கேஸ் ஏற்றுகிறார்கள். ஐஸ் பெட்டியின் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்கிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் ஏற்றுவது காசைக் காற்றில் விடுவதுதான். ரொம்பப் பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-12 கேஸின் இறக்குமதி ஓசோன் ஒப்பந்தத்தின்படி 2010-லேயே நின்றுவிட்டது. இப்போதைய பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்-600ஏ, தீப்பற்றக்கூடியது. அதைக் கையாளத் தெரியாதவர் வீட்டுக்குள் டார்ச்சைப் பற்ற வைத்தால் என்ன ஆகும்?

லயத்துப்பிள்ளை

அம்மா பெட்டிக்கு இதுவரை கேஸ் ஏத்தினதே இல்லை. ரப்பரை மட்டும் பார்த்துக்கிறேன். நாளிதழ்ல ஒரு துண்டு கிழிச்சு, கதவு இடுக்குல வச்சு மூடி இழுக்கணும். கெட்டியா பிடிச்சா ரப்பர் நல்லா இருக்கு, வழுக்கிட்டு வந்தா போச்சு. ஒத்தை வெள்ளி நோட்டை வச்சுப் பார்க்காதீங்க, அது பிளாஸ்டிக், எந்த ரப்பர்லயும் வழுக்கும். மேல் தட்டுல பனி அரை விரல் மொத்தம் ஏறினா ஆஃப் பண்ணி உருக விடணும். கத்தியால சுரண்டக் கூடாது, அலுமினியம் ஓட்டையாச்சுன்னா பெட்டி அதோட சரி. இதைச் செய்யாம பெட்டி கரண்டு தின்னுதுன்னா பெட்டி என்ன பண்ணும்?

வயர்மேன் அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தனி வயர் இழுங்கன்னு ஈஸியா சொல்லிட்டீங்க. தோட்டத்து வீடு எங்க சொத்து இல்லை. சுவத்துல ஒரு ஆணி அடிக்கவே மேனேஜ்மெண்ட் அனுமதி வேணும். அம்மா வீடு லயத்துல (தொழிலாளர் வரிசை வீடு) கோடி வீடு வேற. ராத்திரி எல்லா வீட்டுலயும் அரிசிப்பானையும் கெட்டிலும் போட்டா லைட்டு மங்கும். பெட்டி கிளம்பப் பார்த்து "ம்ம்ம்"னு முனகும், அப்புறம் "டக்"குனு விட்டுரும். புதுப் பெட்டி வாங்கிக் குடுத்தாலும் இதே கதிதானே?

வயர்மேன்_பெர்ஜுந்தை

அது வோல்டேஜ் இறங்குவது. நம் நாட்டு அளவு 230 வோல்ட், 216-லிருந்து 253 வரை இருக்கலாம். அதற்குக் கீழே போனால் கம்ப்ரஸர் கிளம்பத் திணறி சூடாகும். "டக்" என்பது சூட்டில் வெட்டும் ஓவர்லோடு. அது வெட்டுவதால்தான் அம்மா பெட்டியில் மோட்டார் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு நாள் அதுவும் தேய்ந்துவிடும். அந்த நேரத்தில் மீட்டரை வைத்து வோல்டேஜைப் பார்த்து எழுதி வையுங்கள். லைன் முழுக்கப் பழைய மெல்லிய கேபிள் என்றால் அதை மாற்றுவது வீட்டுச் சொந்தக்காரர் வேலை, அம்மா காசில் செய்கிற வேலை இல்லை. வாயால் சொன்னால் அசைய மாட்டார்கள். எண்ணோடு எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

சுவரைத் தொடாமல் செய்யக்கூடியதும் உண்டு. கரண்டு போய் உடனே திரும்பினால் பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். குழாயில் அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரஸர் கிளம்பினால் அடி அதற்குத்தான். பெரிய இடி வரும் முன்பே பிடுங்கிவிடுவது இன்னும் நல்லது. கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ் அறை நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீஸர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள்.

மின்னல் விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி, போர்டு இல்லாத பழைய பெட்டி சர்ஜை, அதாவது திடீரென்று ஏறும் வோல்டேஜை, தாங்கும். அதற்காகப் புதியதே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். டிபியில் சர்ஜ் ப்ரொடெக்டர் போடலாம், ஆனால் எர்த் நன்றாக இருந்தால்தான் அது வேலை செய்யும். எர்த் இல்லாமல் போட்டால் வெறும் அலங்காரம்.

மாவு அக்கா

தனி லைனே இழுத்துடலாம், அடுத்த வாரம் கூப்பிடுறேன் அண்ணே. ஃப்ரீஸர்ல காலியா இருக்கிற இடத்துல தண்ணி பாட்டில் உறைய வச்சு அடைச்சிருக்கேன், கரண்டு போனா அது கொஞ்சம் தாங்கும். தாமான்வாசி தம்பி, என் ஃப்ரீஸரும் பழசுதான். மாத்தச் சொல்வீங்களா?

தாமான்வாசி

மேல்மூடி என்பதால் உடனே மாற்றச் சொல்ல மாட்டேன் அக்கா. திறந்தாலும் குளிர்காற்று கீழேயே தங்கும், நிற்கிற ஃப்ரீஸர் மாதிரி கொட்டிப் போகாது. பிளக்கில் செருகுகிற வாட் மீட்டர் ஒன்று வாங்கி ஒரு வாரம் ஓட விடுங்கள். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் மாற்றுங்கள். உங்கள் வீட்டுப் பயன்பாடு 300 யூனிட்டுக்கு மேல் போகிறது என்றால் மிச்சம் கையில் தெரியும். அண்ணன் அம்மா வீட்டிலும் அதே மீட்டரை மாட்டிப் பார்க்கட்டும். 36 யூனிட் என்பது அவர் மனக்கணக்கு.

லயத்துப்பிள்ளை

மாட்டுறேன். யூனிட்டையும் ராத்திரி வோல்டேஜையும் சேர்த்தே எழுதுறேன். வோல்டேஜ் கணக்கு மேனேஜருக்குப் போகும், யூனிட் கணக்கு இங்க வரும். 50-ஐத் தாண்டினாலும் பெட்டியை மாத்த மாட்டேன், முதல்ல ரப்பரை மாத்துவேன்.