மடிநோய்க்கு பாக்டீரியாவைத் தின்கிற வைரஸாம், ஏத்தலாமுங்களா?

செவலைக்காரன் (ஈரோடு பக்கம்):
வணக்கமுங்க. நாலு கறவை வெச்சிருக்கேன். மூணு ஜெர்சி கலப்பு, ஒண்ணு எச்.எஃப் (ஹோல்ஸ்டீன்) கலப்பு. பிரச்சனை எச்.எஃப்லதானுங்க, மூணாவது ஈத்து. கன்னு போட்டு ரெண்டு மாசத்துல பின்பக்கம் இடது காம்புல பால் திரிதிரியா வந்துச்சு. டாக்டர் ஊசி போட்டு, மூணு நாள் காம்புல ட்யூப் ஏத்தினாரு. தெளிஞ்சுது. இருபதே நாள்ல மறுக்கா அதே காம்பு. இப்ப மூணாந்தடவை. மருந்து போட்ட நாள் பாலெல்லாம் குழியில ஊத்தறேன். காலையில 7 லிட்டர் கறந்தது 4க்கு வந்துருச்சு, சொசைட்டியில எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு நீங்கலான சத்து) இறங்குது.

மச்சான் ஒரு வீடியோ அனுப்பிச்சாப்ல. பாக்டீரியாவைத் தின்கிற வைரஸாம், மடிக்குள்ள விட்டா ஆன்டிபயாடிக்கே வேண்டாமாம். "வைரஸைக் காசு குடுத்து மாட்டுக்குள்ள விடுவியாடா"ன்னு அம்மா வையுது. நெசமுங்களா? எங்க கிடைக்கும்?

தொழுவம் (நாமக்கல்):
தம்பி, சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சள் 50, சுண்ணாம்பு 15 அரைச்சு மடியில பூசிப் பாத்தியா? எனக்குப் புது வீக்கத்துக்குக் கேட்டுச்சு. பழகிப்போன காம்புக்குக் கேக்கல. அந்தக் காம்பை மறந்துட்டு மூணுல கறந்துக்கிட்டிருக்கேன்.

உறைமோர் (பால் பண்ணை லேபில் 19 வருஷம்):
தம்பி, அந்த வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். எனக்கு அது ஜென்ம விரோதி! தயிருக்கு ஊற்றும் உறையில் இருப்பதும் பாக்டீரியாதானே, அதையும் ஒரு ஃபேஜ் தின்னும். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் ஒரு தொட்டிப் பாலும் உறையாமல் பச்சையாக நிற்கிறது. குழாய், தரை, வாளி என்று எல்லாவற்றையும் குளோரின் போட்டுக் கழுவி, உறையையே மாற்றிய பிறகுதான் அடங்கியது. அதனால் இது கட்டுக்கதை இல்லை, ராட்சச வேலை செய்யும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், இது மாட்டின் செல்லைத் தொடாது. பாக்டீரியாவைத்தான் பிடிக்கும், அதிலும் தன் இனத்தை மட்டும். மடிநோய் தரும் ஸ்டாஃபைலோகாக்கஸ் (சுருக்கமாக ஸ்டாஃப்) கிருமியைத் தின்பது, ஈ.கோலை என்ற இன்னொரு கிருமியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சாணியிலும் சாக்கடையிலும் ஆற்றிலும் கோடிக்கணக்கில் கிடக்கிறது. கங்கை, யமுனைத் தண்ணீரில் காலரா கிருமி சாகிறது என்று ஹாங்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1896லேயே எழுதினார், அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பார்கள். 1917ல் டெரெல் என்ற விஞ்ஞானி இதற்குப் பெயர் வைத்தார். ஜார்ஜியா நாட்டின் திபிலீசியில் 1923ல் தொடங்கிய ஃபேஜ் நிலையம் இன்றும் நடக்கிறது.

ஆனால் மடி வேறு கதை. கனடாவில் ஸ்டாஃப் பிடித்த கறவைகளின் மடியில் ஐந்து நாள் ஃபேஜ் ஏற்றிப் பார்த்தார்கள், 2006ல் முடிவு வந்தது. 18 மடிப்பகுதியில் 3 தான் குணம். வெறும் உப்புத்தண்ணீர் ஏற்றிய 20ல் ஒன்றும் இல்லை. கேடு பாலிலேயே இருக்கிறது. பாலின் தெளிநீரில் உள்ள புரதம் கிருமியின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது, ஃபேஜுக்குக் கால் ஊன்ற இடமில்லை. போதாததற்கு ஸ்டாஃப் கிருமி மாட்டின் செல்லுக்குள்ளும் பழைய தழும்புக்குள்ளும் பதுங்கிவிடும். உங்கள் ட்யூபும் அதனால்தான் தோற்றிருக்கலாம்.

யாராவது பாட்டிலில் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். சுத்தம் செய்யாத ஃபேஜ் கரைசலில் செத்த பாக்டீரியாவின் நச்சு கிடக்கும். ஈ.கோலை நச்சு மடிக்குள் போனால் அதுவே மடியை வீங்கவைத்து, காய்ச்சலும் கிளப்பும்.

முதலில் எந்தக் கிருமி என்று பாருங்கள். அடுத்த மருந்துக்கு முன்னால், காம்பு நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் நாலு பீச்சை விட்டுவிட்டு, கொதிக்கவைத்த புட்டியில் பிடித்து, ஐஸில் வைத்துக் கால்நடைக் கல்லூரி லேபுக்கு அனுப்புங்கள். எந்த மருந்து கேட்கும் என்றும் பார்த்துச் சொல்வார்கள்.

செவலைக்காரன்:
ரொம்ப நன்றிங்கக்கா. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "சாக்கடையில இருக்கறதுக்கா காசு கேக்கறான்"னுச்சு. நாளைக்கே புட்டி அனுப்பறேன்.

கால்நடை டாக்டர் (ஓய்வு):
அந்த அம்மா சொன்னதே போதும். ஸ்டாஃப் என்று வந்தால், கறவை நடுவில் மல்லுக்கட்டாதீர்கள். மடி வற்றவிடும்போது நீண்டநாள் நிற்கும் ட்யூப் போட்டால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். கறந்ததும் காம்பைப் போவிடோன் அயோடினில் முக்குங்கள். உடனே தீவனம் போட்டு அரை மணி நேரம் நிற்க வையுங்கள், காம்புத் துளை மூடுகிற வரை சாணியில் படுக்கக் கூடாது. ஒன்று கேட்கவேண்டும்: எச்.எஃப்பை எத்தனையாவதாகக் கறக்கிறீர்கள்? ஸ்டாஃப் கையிலும் மடி துடைக்கும் துணியிலும்தான் மாடு விட்டு மாடு போகும்.

செவலைக்காரன்:
அவளைத்தானுங்க முதல்ல. பால் அதிகம்னு. துணியும் நாலுக்கும் ஒண்ணுதான். நாளைக்கு ஜெர்சி மூணுக்கும் சேத்தே புட்டி எடுத்துக்கிறேனுங்க.