அம்மாவுக்கு ரெண்டாவது ஊசி இல்லை, 1410 ரூபாய் இருந்தா உண்டு

நொய்யல்கரை (திருப்பூர், 12 ஜூன் 2021):
அம்மாவுக்கு 58 வயசு, சர்க்கரை இருக்குதுங்க. ஏப்ரல் 26 அன்னைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல கொரோனாவுக்குக் கோவாக்சின் முதல் ஊசி போட்டாங்க. 6 வாரத்துக்குள்ள அடுத்தது போடோணும். கெடு தாண்டிருச்சு. மூணு நாளா காலைல 5 மணிக்கே போய் நிக்கறேன். "கோவாக்சின் வரலை, கோவிஷீல்டுதான்"ங்கறாங்க. மாத்திப் போடவும் மாட்டாங்க. இதே ஊர்ல தனியார் ஆஸ்பத்திரில கோவாக்சின் இருக்குது, 1410 ரூபாய். நான் ஜாப் ஒர்க்ல பவர் டேபிள் (பனியன் தைக்கற மெஷின்) ஓட்டறவன், ஊரடங்குல சம்பளம் நின்னு போச்சு. எங்க தெரு அரிசிக்கடைக்காரர் வீட்ல நாலு பேரும் கார்ல போய்ப் போட்டுட்டு வந்தாங்க. அம்மா திண்ணைல உக்காந்து பார்த்துட்டிருந்தாங்க. என்கிட்ட ஒண்ணுமே கேக்கலை.

கணக்குக்_கிறுக்கன்:
வருத்தம் புரியுது நண்பரே. ஆனா அரிசிக்கடைக்காரர் உங்க அம்மா ஊசியை எடுத்துக்கலை. உற்பத்தியில 25 சதவீதம் தனியாருக்குன்னு மே 1 முதல் விதியே இருக்கு. அந்த நாலு பேர் காசு கொடுத்ததால உங்க வரிசைல நாலு பேர் குறைவு.

நொய்யல்கரை:
5 மணிக்கு வந்து நின்னு பார்த்துட்டு, குறைவுன்னு சொல்லுங்க சார்.

ராசாத்தி_ஈரோடு:
வரிசைல ஆள் குறைஞ்சா ஊசியும் சேர்ந்துதானே குறையுது? ரேஷன்ல மண்ணெண்ணெய் தட்டுப்பாடுன்னா கார்டுக்கு அளவைக் குறைப்பாங்க. காசுள்ளவங்களுக்குத் தனி பேரல் வைப்பாங்களா? அதே கோவாக்சின் மாநில அரசுக்கு 400, தனியாருக்கு 1200. வரியும் 150 ரூபாய் சேவைக் கட்டணமும் சேர்ந்துதான் 1410. காசுக்கு ஊசிங்கறதை முதல் பார்வையிலேயே தான்தோன்றித்தனம்னு சுப்ரீம் கோர்ட்டே மே 31 உத்தரவுல சொல்லிருச்சு.

கணக்குக்_கிறுக்கன்:
அது 18-44 வயசுக்காரங்களைப் பத்தின உத்தரவு. இவரோட அம்மாவுக்கு உற்பத்தியில மத்திய அரசு வாங்கற 50 சதவீதத்துல இருந்து இலவசமா வரணும். ரெண்டையும் குழப்பாதீங்க. அடிப்படை என்னன்னா, சரக்கு இல்லை. தமிழ்நாடு 3.5 கோடி டோஸுக்கு உலக டெண்டர் விட்டுச்சு, ஒருத்தர் வரலை. தனியார் பங்கை நிறுத்திட்டா மருந்து பெருகிடுமா?

ராசாத்தி_ஈரோடு:
பெருகாது, ஆனா யாருக்கு முதல்லங்கறது மாறும். 58 வயசு சர்க்கரைக்காரம்மா கெடு தாண்டிக் காத்திருக்கறப்போ, 25 வயசுப் பையன் காசு கட்டிப் போட்டுக்கறான். சரக்கு இல்லைன்னு வேற சொல்றீங்க. செங்கல்பட்டுல 100 ஏக்கர்ல அரசு கட்டின தடுப்பூசி வளாகம் சும்மா கிடக்குதே, அது யார் தப்பு? 21ஆம் தேதிக்கு அப்புறம் மாநிலப் பங்கையும் மத்திய அரசே வாங்கித் தருதாம். தனியாரோட 25 மட்டும் அப்படியே.

மாத்திரை_டப்பா:
நான் ஒரு தடுப்பூசி மையத்துல வேலை பார்க்கறேன், எந்த ஊர்னு கேக்காதீங்க. நாங்க ஒளிச்சு வைக்கலை. நாளைக்கு எத்தனை வரும்னு முந்தின நாள் ராத்திரிதான் எங்களுக்கே தெரியும். ஒரு குப்பியைப் பிரிச்சா 4 மணி நேரத்துல 10 பேருக்குப் போட்டு முடிக்கணும். கொஞ்சமா கோவாக்சின் வந்தா ரெண்டாவது டோஸ்காரங்களைத்தான் முதல்ல கூப்பிடறோம். மறைக்காம ஒண்ணு சொல்றேன்: 100 டோக்கன்னா எல்லாமே வரிசைக்கு வர்றதில்லை. "நம்ம ஆளு"ன்னு போன் வந்துரும்.

கணக்குக்_கிறுக்கன்:
இப்போ என்ன சொல்றீங்க ராசாத்தி? ஒரு பக்கம் ரூபாய், இன்னொரு பக்கம் போன். ரூபாய்க்காவது ரசீது உண்டு.

ராசாத்தி_ஈரோடு:
போன் பண்றவனைத் தட்டிக் கேக்கலாம். சட்டமே 1410 கேட்டா யார்கிட்டப் போறது?

நொய்யல்கரை:
எங்க வார்டுல கட்சிக்காரர் ஒருத்தரைத் தெரியும். சொன்னா டோக்கன் வாங்கித் தந்துருவார். ரெண்டு நாளா போனைக் கைல வெச்சுட்டு உக்காந்திருக்கேன்.

ராசாத்தி_ஈரோடு:
இதுல யோசிக்க என்னங்கண்ணா இருக்கு? அம்மாவுக்காகப் பண்ணுங்க.

கணக்குக்_கிறுக்கன்:
அரிசிக்கடைக்காரர் செஞ்சா தப்பு, இவர் செஞ்சா சரியா?

நொய்யல்கரை:
அவர் செஞ்சது தப்புன்னு நான் எங்கயும் எழுதலையே சார். மறுபடி படிங்க, அம்மா என்கிட்ட ஒண்ணும் கேக்கலைன்னுதான் எழுதுனேன். திங்கக்கிழமையும் ஒருதடவை 5 மணிக்குப் போறேன். அன்னைக்கும் வரலைன்னா அவருக்குப் போன் பண்ணிருவேன்.