கைக்கொழந்தையும் ரெண்டு வயசும் வெச்சிருக்கறவங்களுக்கு டபுள் ஸ்ட்ரோலர் பத்தி

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து புதுசா யூகே வந்தவங்க நெறைய பேரு கேக்கறது எந்த டபுள் ஸ்ட்ரோலர், அதாவது ரெண்டு கொழந்தைய ஒண்ணா வெச்சுத் தள்ற வண்டி, வாங்கறதுன்னுதானுங்க. கம்பெனி அப்பறம் பாத்துக்கலாம். நம்மூர்ல கொழந்தை எப்பவும் யாராவது ஒருத்தர் இடுப்புலயேதான் இருக்கும், அம்மாயி இல்லைன்னா அப்பத்தா, அவங்களும் இல்லைன்னா பக்கத்து ஊட்டு அக்கா, அதனால வண்டிக்கு ப்ரேக் போடறது பெல்ட் மாட்டறதுங்கற பழக்கமே நமக்குக் கையில வரலை. இங்க பேறுகாலம் பாக்க வந்த அம்மா விசா முடிஞ்சு கெளம்பிட்டாங்க, ஊட்டுக்காரரும் வேலைக்குப் போயிட்டாருன்னா நீங்க ஒருத்தர்தான். அதனால எந்த வண்டிங்கறத விட, ரெண்டு பேரையும் எந்த வரிசையில ஏத்தி எறக்கறதுங்கறதுதான் மொதல்ல பழகோணும்.

வெளிய கெளம்பறப்ப பாப்பா காட்லயே (சுத்தியும் தடுப்பு வெச்ச கொழந்தைக் கட்டில்) படுத்திருக்கட்டும், சோபா மேல மட்டும் விட்டுட்டு வந்துராதீங்க. ப்ரேக்கைப் போட்டுட்டு வண்டிய ஒருக்கா தள்ளிப் பாருங்க, நகரலைன்னா சரி. ஓடற ஆள மொதல்ல கட்டோணும். தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டு, காலுக்கு நடுவுல ஒண்ணு, அஞ்சும் மாட்டோணும், "தோ இங்கதான போறோம்"னு இடுப்புப் பட்டைய மட்டும் மாட்டுனா பொடுசு அதுக்குள்ளயே எந்திரிச்சு நின்னுக்கும். முன்னாடி குறுக்க ஒரு கம்பி இருக்கும், அது புடிச்சுக்கறதுக்குத்தான், பெல்ட்டுக்குப் பதிலு இல்லைங்க. பெரியவனைக் கட்டுனதுக்கப்பறம் பாப்பாவ எடுத்துட்டு வந்து படுக்க வெச்சு கட்டுங்க. திரும்பி வாரப்ப வண்டியோட உள்ள வந்து, கதவச் சாத்தி, ப்ரேக் போட்டு, பாப்பாவ காட்ல விட்டுட்டு, கடைசியாத்தான் பெரியவனை அவுத்து விடோணும். ரோட்டோரத்துல நின்னுட்டு மொதல்ல அவனை எறக்கிட்டீங்கன்னா உங்க ரெண்டு கையும் பாப்பாகிட்ட இருக்கறப்ப அவன் எங்க போவான்னு சொல்ல முடியாது. வண்டிய மடக்கறப்பவும் விரிக்கறப்பவும் அவனைத் தள்ளி நிக்க வைங்க, கீலுக்குள்ள வெரல் சிக்கிக்கும்.

இப்ப வண்டி. மொத ஆறு மாசம் பாப்பாவுக்கு சீட்டு தட்டையா படுக்கற மாதிரி இருக்கோணும். சாஞ்ச சீட்ல உக்கார வெச்சா தலை முன்னாடி தொங்கி தாடை நெஞ்சுல ஒட்டிக்கும், மூச்சு விடறது செரமமாயிரும். கார் சீட்டையே வண்டியில மாட்டிக்கலாம்னு கடையில சொல்லுவாங்க, மாட்டலாம், ஆனா அதுலயே மணிக்கணக்கா தூங்க விடக்கூடாது, ரெண்டு மணி நேரம்தான் அதிகபட்சம், ரொம்பச் சின்னதுன்னா ஒரு தடவைக்கு அரை மணி நேரத்தோட எடுத்துருங்க. பக்கத்துல பக்கத்துல ரெண்டு சீட்டுங்கற மாடல் எல்லாம் 70, 80 சென்டிமீட்டர் அகலம் வரும், வாங்கறதுக்கு முன்னாடி உங்க வாசக்கதவையும் லிப்டு கதவையும் டேப் வெச்சு அளந்துருங்க. மேல கீழ மாடல் கதவுல நொழையறது சுலுவு, ஆனா திருப்பறது கனம், கீழ படுத்திருக்கற பாப்பா மூஞ்சியும் உங்களுக்குச் சரியாத் தெரியாது. என்னையக் கேட்டா கைக்கொழந்தை இருக்கறப்ப மூஞ்சி தெரியற வண்டிதான் நல்லது.

பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சா வேற ஒண்ணு இருக்குதுங்க. அம்மாயி குடுத்தனுப்புன கச்சாயத்தை பெரியவன் கையில குடுத்திருப்பீங்க, அவன் பாதி கடிச்சு எச்சில் ஒழுகறத அப்படியே நீட்டி "பாப்பா, ஆ"ன்னு அது வாயிகிட்ட கொண்டு போவான். பாசம்தான், ஆனா பாப்பாவுக்குப் பொரை ஏறுனா நொடியில விபரீதமாயிரும். வண்டி ஓடறப்ப தீனியே வேண்டாம், நிறுத்தி முன்னாடி உக்காந்து ஊட்டி விடுங்க. முழு நிலக்கடலை, முந்திரியெல்லாம் அஞ்சு வயசு வரைக்கும் ஆகாது.

கண்ணு பட்டுரும்னு துப்பட்டாவையோ மெல்லிசு துணியவோ வண்டி மேல போத்தறது நம்ம சனத்துகிட்ட ரொம்ப இருக்கு. வேண்டவே வேண்டாமுங்க. உள்ள காத்து ஓடாம சூடு ஏறிரும், வெயில் காலத்துல சீக்கிரமே ஏறும், உங்களுக்கும் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது. கூடாரத்த எறக்கி விடுங்க, இல்லைன்னா க்ளிப்புல மாட்டற கொடை வாங்குங்க. மழைக்குப் போடற பிளாஸ்டிக் கவரை கடைக்குள்ள போனதும் எடுத்துரோணும், தொப்பியையும் தடிச்ச துணியையும் கழட்டோணும், கொழந்தை தூங்குனாலும் சரி. கழுத்துல பாசி, தாயத்துக் கயிறு இருந்தா தூங்கறப்ப கழட்டிருங்க.

தமிழ்க்கடையில 10 கிலோ அரிசி வாங்கி கைப்பிடியில தொங்க விடறதும் அப்படித்தான். ரெண்டு பேரும் உக்காந்திருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, பெரியவனை எறக்குன அடுத்த நிமிசம் பின்பாரம் ஏறுன மாட்டு வண்டி மாதிரி பாப்பாவோட குடை சாஞ்சிரும். கீழ கூடை இருக்கு, அதுக்கும் எத்தனை கிலோன்னு புக்குல போட்டிருக்கும், அதுக்கு மேல இருந்தா டெலிவரி சொல்லிருங்க.

பஸ்ல வண்டி நிறுத்தற எடம் வீல்சேருக்குத்தான் மொதல்ல. 2017-ல யூகே சுப்ரீம் கோர்ட்டே, ட்ரைவர் ஒருக்கா கேட்டுட்டு விட்டுறக்கூடாது, எடத்தைக் காலி பண்ண வைக்க இன்னும் முயற்சி பண்ணோணும்னு தீர்ப்பு சொல்லிருக்கு. ரெண்டு கொழந்தைய வெச்சுட்டு டபுள மடக்கறது லேசுல ஆகாது, அதனால கூட்ட நேரத்துல பஸ்ஸ நம்பாதீங்க, அடுத்த பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நேரம் வெச்சுக் கெளம்புங்க. ரயில் பிளாட்பாரத்துல சரிவு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, வேகமா போற ரயிலோட காத்தும் வண்டியத் தள்ளும். மஞ்சக் கோட்டுக்கு நல்லாப் பின்னால, தண்டவாளத்தைப் பாத்து நிக்காம அதுக்கு இணையா நிறுத்தி, ப்ரேக் போட்டு, கைய எடுக்காம நில்லுங்க. எஸ்கலேட்டர்ல கொண்டு போகவே கூடாது, லிப்டு எங்கன்னு பாத்துட்டு ஊட்டை விட்டு எறங்குங்க.

லீவுக்கு ஊருக்குப் போறப்ப டபுளக் கொண்டு போகலாமான்னா, கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதை மாதிரி எடத்துல தள்ளலாம், கோபி, பொள்ளாச்சி கடைவீதியில எங்க தள்றதுங்க. அங்கதான் தூக்கறதுக்கு ஆள் இருக்காங்களே.

பழசு வாங்கறவங்க ப்ரேக், பெல்ட் பூட்டு, மடக்கற லாக் மூணையும் நேர்ல போட்டு எடுத்துப் பாத்து வாங்குங்க, கொழந்தை வண்டிக்கான பாதுகாப்புத் தரம் ஈஎன் (EN) 1888னு போட்டிருக்கான்னு பாருங்க, கார் சீட்டு மட்டும் முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட பழசு வாங்காதீங்க. பெரியவனுக்கு மூணு வயசு நெருங்குதுன்னா டபுளே தேவையில்லைங்க, சிங்கிள் வண்டிக்குப் பின்னாடி நின்னுட்டு வர்ற பலகை, பக்கி போர்டுன்னு கேளுங்க, உங்க வண்டிக்குப் பொருந்துமான்னு மட்டும் கேட்டுட்டு வாங்கிக்கங்க.