ஹவானாவில் வாங்கிய பெட்டி கசக்கிறது, போலியா?

புதுப்புகை:
வணக்கம். போன மாதம் ஹவானா போயிருந்தபோது 25 சுருட்டு உள்ள ரொபஸ்டோ (குட்டையாய்த் தடித்த வகை) பெட்டி ஒன்று வாங்கினேன். தெருவில் இல்லை, முறையான கடையில், ரசீதோடு. திரும்பி வந்த மறுநாளே ஒன்றைப் பற்ற வைத்தேன். நாலைந்து இழுப்பிலேயே மூக்கில் ஏறுகிற அம்மோனியா நெடி, நாக்கெல்லாம் கசப்பு, பாதிக்கு மேல் முடியவில்லை. பத்து நாள் கழித்து இன்னொன்று, அதுவும் அப்படித்தான். பெட்டியின் அடியில் மூன்று எழுத்துக் குறியும் மாதமும் வருடமும் மையில் குத்தியிருக்கிறது, அந்தத் தேதிக்கு இன்னும் நாலு மாதம்கூட ஆகவில்லை. என்னோடு வந்தவர் தெருவில் ஒருவரிடம் கண்ணாடி மூடி போட்ட கொய்பா என்ற பேர்பெற்ற கியூபா சுருட்டுப் பெட்டியைப் பாதி விலைக்கு வாங்கினார், அது இதைவிட நன்றாக இருக்கிறது என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? மீதி 23 இருக்கிறது, என்ன செய்வது?

பழையபெட்டி:
ஏமாறவில்லை. இளசாக இருக்கும்போதே பற்ற வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

முதலில் போலியா என்ற கவலையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் முன்பக்கம் இடது ஓரத்தில் பச்சை நிற அரசு முத்திரைச் சீட்டு, அதில் ஹோலோகிராமும் பார்கோடும். மேல் மூலையில் சாய்வாக 'ஹபானோஸ்' சீட்டு. அடியில் 'எச்சோ என் கூபா' (கியூபாவில் செய்தது), 'டோட்டால்மென்டே ஆ மானோ' (முழுக்கக் கையால்) என்று சூடு போட்ட எழுத்து. இதெல்லாம் இருக்கிறதா பாருங்கள். மாதம் ஸ்பானிஷ் சுருக்கத்தில்தான் இருக்கும், ஜனவரி என்றால் 'எனே', ஆகஸ்ட் என்றால் 'அகோ'. அப்புறம் மூடியைத் திறந்து மேல் வரிசையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். வெளியே வண்ணத் தாள் ஒட்டிய பெட்டி என்றால் இடது கோடியில் சற்றுக் கருத்த இலை, வலது பக்கம் போகப் போக ஒரு மயிரிழை வெளுத்துக்கொண்டே வரும். நிறம் பிரிப்பதற்கென்றே தொழிற்சாலையில் ஆள் உண்டு. போலி செய்கிறவன் முத்திரையை அச்சடித்துவிடுவான், இந்த வரிசைக்கு மெனக்கெட மாட்டான்.

உங்கள் நண்பருடையது போலி, அதில் சந்தேகமே வேண்டாம். கொய்பா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதே கிடையாது.

இப்போது கசப்புக்கு வருவோம். கியூபாவின் புகையிலை மாகாணமான பினார் டெல் ரியோவில் பறித்த இலையைக் காயவைத்துக் குவியலாக அடுக்கி நொதிக்க விடுகிறார்கள், உள்ளே சூடு ஏறி அம்மோனியா வெளியேறும். அப்புறம் சுருட்டும்போது இலை உடையாமலிருக்க மறுபடி ஈரப்படுத்துகிறார்கள். அந்த ஈரத்தில் மிச்சமிருந்த நொதிப்பு திரும்பக் கிளம்பும். தொழிற்சாலையில் தேவதாரு வாசம் அடிக்கிற அறையில் கொஞ்ச காலம் ஆறவிடுவார்கள்தான், ஆனாலும் முழுக்க அடங்குவதற்குள் பெட்டி கடைக்கு வந்துவிடுகிறது. பழைய ஆட்கள் இதைச் சுருட்டுக்கு உடம்பு சரியில்லாத பருவம் என்பார்கள். கொய்பாவுக்குள் போகிற இலையில் ஒரு பகுதியைப் பீப்பாயில் மூன்றாவது தடவை நொதிக்க வைப்பதும் இதற்காகத்தான். 23-ஐயும் அப்படியே மூடி வையுங்கள், ஒரு வருடமாவது ஆறட்டும்.

ஈரமானி:
மூடி வைத்தால் மட்டும் போதாது, எப்படி வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரப்பதம் 65 சதவீதம், வெப்பம் 18 டிகிரிக்குப் பக்கம். ஈரமானி காட்டுகிற எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைக் கொட்டி, கரையாமல் சேறு மாதிரி ஆகும்வரை தண்ணீர் சொட்டி, ஈரமானியோடு காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் கருவி 4 குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம்.

புகையிலையைத் துளைக்கிற வண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை, நான் பட்டுவிட்டேன், அதனால் சொல்கிறேன். ஒரு கோடையில் அலமாரி சூடாகிவிட்டது, நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் திறந்தால் மூன்று சுருட்டில் குண்டூசி குத்தின மாதிரி துளை, பெட்டியின் அடியில் சலித்தெடுத்தது போல மெல்லிய தூள். முட்டை இலையிலேயே இருந்து வரும், வெப்பம் 24-ஐத் தாண்டினால் பொரிந்துவிடும். மிச்சத்தை இரட்டைப் பையில் கட்டி மைனஸ் 20-ல் மூன்று நாள், பிறகு சாதாரண ஃப்ரிட்ஜில் ஒரு நாள், அப்புறம்தான் வெளியே. நேரே உறைநிலையிலிருந்து அறைக்கு எடுத்தால் மேல் இலை வெடித்துவிடும்.

மெல்லஇழு:
பழைய புத்தகங்களில் 70 சதவீதம் என்றுதான் போட்டிருக்கும். எனக்கு 70-ல் வைத்தது எதுவுமே ஒழுங்காக எரிந்ததில்லை, இழுப்பு இறுகிவிடுகிறது, ஒரு பக்கமாகவே எரிகிறது. 65தான் சரி.

இன்னொன்று, கசப்பில் பாதி வேகத்தால் வருவது. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். புகையை வாயில் வைத்திருந்து விட வேண்டும், உள்ளே இழுக்கக் கூடாது. பற்ற வைக்கும்போது நெருப்பு சுருட்டைத் தொடாமல், விளிம்பு முழுக்கக் கருகி ஒரே சீராகக் கனியும்வரை சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். சாம்பலைத் தட்டாதீர்கள், அது தானே விழட்டும்.

புதுப்புகை:
ரொம்ப நன்றி. முத்திரை, சூடு போட்ட எழுத்து, நிற வரிசை எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. இப்போதுதான் நிம்மதி. ஒரு வருடம் போதுமா, இல்லை இன்னும் வைக்கணுமா? அதற்குள் வேறு எதை வாங்கலாம்?

பழையபெட்டி:
ஆறு மாதத்துக்கு ஒன்று எடுத்துப் பாருங்கள், தேதியைப் பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். எத்தனை வருடம் என்பது இலையின் காரத்தைப் பொறுத்தது. பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4 மாதிரி காரமானது ஐந்தாறு வருடம் வைத்தால் என் நாக்குக்கு ரொம்ப அழகாக வரும், அந்த மிளகுக் காரம் தணிந்து அடியில் கோகோவும் பழைய தோல் வாசமும் மேலே வரும். ஓயோ தெ மான்டெரே எபிக்யூர் நம்பர் 2 மென்மையானது, அதை ரொம்ப வருடம் போட்டு வைத்தால் வாசமே மங்கிவிடும் என்பது என் அனுபவம், இரண்டு மூன்று வருடத்தில் முடித்துவிடுவேன்.

காத்திருக்கும் நாட்களுக்கு மான்டெகிறிஸ்டோ நம்பர் 4 வாங்குங்கள். 129 மில்லிமீட்டர் நீளம், 42 ரிங், அதாவது ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 42 பங்கு குறுக்களவு. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வாங்கும்போது அடியில் குத்திய தேதியைக் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் சங்கடப்பட மாட்டார். இரண்டு வருடப் பெட்டி இருந்தால் அதையே எடுங்கள்.

புதுப்புகை:
சரி அண்ணா. இன்றைக்கே சீட்டு எழுதி உள்ளே வைத்துவிட்டேன், உப்பு சோதனையும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதம் கழித்து இதே இழையில் எழுதுகிறேன்.